லெஸ்லி வேலியன்ட் என்ன மாடல் செய்தார்? (செமினாருக்கு உதவி வேண்டும்)

எட்டயபுரத்தான்

எல்லாருக்கும் வணக்கம். எம்.டெக் இரண்டாம் வருடம். அடுத்த வாரம் வகுப்பில், ஒரு பேராசிரியரின் ஆராய்ச்சி வாழ்க்கையைப் பற்றி அரை மணி நேரம் பேச வேண்டும். மெஷின் லேர்னிங் பக்கம் யாரையாவது எடு என்றார்கள். எல்லாரும் நியூரல் நெட்வொர்க் ஆட்களையே எடுத்ததால், கொஞ்சம் வித்தியாசமாக இருக்கட்டுமே என்று ஹார்வர்டின் லெஸ்லி வேலியன்ட்டை எடுத்தேன். கணினி அறிவியலின் மிக உயர்ந்த விருதான டூரிங் விருதை 2010-ஆம் ஆண்டுக்காக வாங்கியவர்.

எடுத்த பிறகுதான் சிக்கல். ஹாஸ்டலில் ஒருவன் "அவர் என்ன மாடல் பண்ணினார்?" என்று கேட்டான். பதில் தெரியவில்லை. 1984-இல் வந்த கட்டுரையைத் திறந்தேன். மொத்தமே ஒன்பது பக்கம். படம் இல்லை, டேட்டாசெட் இல்லை, எத்தனை சதவீதம் சரியாக வந்தது என்ற அட்டவணையும் இல்லை. அவர் கொள்கைக்குப் பெயரே 'அநேகமாக, ஏறக்குறையச் சரி' (Probably Approximately Correct, சுருக்கமாகப் 'பேக்'). இதற்கா டூரிங் விருது? தெரிந்தவர்கள் சொல்லுங்கள். கிண்டல் செய்தாலும் பரவாயில்லை.

டெப்ளாய்மென்ட்_தம்பி

கிண்டல் செய்யவில்லை நண்பா. ஆனால் உங்கள் ஹாஸ்டல் நண்பர் கேட்டது நியாயமான கேள்வி. எட்டு வருடமாக மாடல்களை ஓடவைத்துச் சம்பளம் வாங்குகிறேன். தியரி புத்தகத்தில் இருக்கும் அந்த வரம்புச் சூத்திரங்களை ஒரு நாளும் போட்டுப் பார்த்ததில்லை. டேட்டாவில் ஒரு பகுதியை ஒதுக்கி வை, அதில் சோதித்துப் பார், சரியாக வந்தால் அனுப்பு. அவ்வளவுதான் வேலை.

கோட்டுப்புள்ளி

ஒதுக்கிவைத்த பகுதியில் சரியாக வந்தால் நாளைக்கும் சரியாக வரும் என்று எந்த நம்பிக்கையில் அனுப்புகிறீர்கள்? அந்த நம்பிக்கைக்கு ஒரு கணக்கு இருக்கிறது. அதைப் பிறகு பார்ப்போம். முதலில் தம்பிக்குப் பதில்.

எங்கள் பெரியப்பாவை வைத்துச் சொல்கிறேன். வீட்டில் மாப்பிள்ளை ஜாதகம் வந்தால் அவர் பார்த்து "சரி" அல்லது "வேண்டாம்" என்று மட்டும் சொல்வார். காரணம் சொல்ல மாட்டார். அவர் மனதில் சில நிபந்தனைகள் இருக்கின்றன, அத்தனையும் பொருந்தினால்தான் சரி. ஒவ்வொரு வரனைப் பற்றியும் ஆம்/இல்லை என்று பதில் வரும் 20 கேள்விகள் என்று வைத்துக்கொள்ளுங்கள்: சொந்த வீடு உண்டா, அரசு வேலையா, வெளியூரா, மூத்த பிள்ளையா என்று. இவற்றில் எதெது பெரியப்பாவுக்கு முக்கியம் என்பதை நாம் கண்டுபிடிக்க வேண்டும்.

ஒவ்வொரு கேள்விக்கும் மூன்று வாய்ப்பு: ஆம் என்றே இருக்க வேண்டும், இல்லை என்றே இருக்க வேண்டும், எப்படியிருந்தாலும் கவலையில்லை. ஆக மூன்றின் இருபதாம் அடுக்கு, அதாவது 348 கோடிக்கும் மேற்பட்ட பெரியப்பாக்கள் சாத்தியம். வரக்கூடிய வரன்களோ 10,48,576 வகை. அத்தனை ஜாதகத்தையும் காட்டினால்தான் அவர் மனம் புரியுமா?

வேண்டாம். முதலில் 40 நிபந்தனையையும் எழுதிக்கொள்ளுங்கள், 'ஆம் வேண்டும்' 20, 'இல்லை வேண்டும்' 20. பெரியப்பா "சரி" என்ற முதல் ஜாதகம் வந்ததும் சரியாகப் பாதி அடிபட்டுவிடும். சொந்த வீடு உள்ளவருக்குச் சரி சொன்னவர் மனதில் 'சொந்த வீடு கூடாது' என்ற நிபந்தனை இருக்க முடியாதே. இப்படி ஒவ்வொரு "சரி"க்கும் முரணானதை அடித்துக்கொண்டே போங்கள். மிஞ்சியதுதான் உங்கள் ஊகம். "வேண்டாம்" சொன்ன ஜாதகங்களைத் திரும்பிப் பார்க்கவே தேவையில்லை.

எத்தனை ஜாதகம் போதும்? உங்கள் ஊகம் இருபதுக்கு ஒன்றுக்கு மேல் தவறக் கூடாது, அந்த உறுதியும் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது தடவை நிற்க வேண்டும் என்றால், 532 ஜாதகம் போதும். பத்தரை லட்சத்தில் 532! (பார்த்து முடிக்கும்வரை பெரியப்பாவுக்குப் பொறுமை இருக்குமா என்பது வேறு கேள்வி.)

இருபதுக்கு ஒன்றுவரை தவறலாம் என்பதுதான் 'ஏறக்குறைய'. நூற்றுக்கு ஒரு தடவை அந்த உறுதியே பொய்க்கலாம் என்பதுதான் 'அநேகமாக'. வேலியன்ட்டின் கட்டுரையில் இருப்பது இதே நீக்கும் வித்தையின் கொஞ்சம் பெரிய வடிவம். 1984-க்கு முன்பும் கற்கும் நிரல்களை எழுதினார்கள். ஆனால் 'கற்றுவிட்டது' என்று எப்போது சொல்லலாம் என்பதற்கு, எடுத்துக்காட்டுகளின் எண்ணிக்கை, ஓடும் நேரம் இரண்டையும் சேர்த்துப் பிடிக்கும் ஓர் இலக்கணம் கிடையாது. அவர் அதை வைத்தார்.

எட்டயபுரத்தான்

அண்ணா, பெரியப்பா உதாரணம் அருமை, செமினாரில் திருடிக்கொள்கிறேன். 532 எப்படி வந்தது?

கோட்டுப்புள்ளி

தவறான ஊகம் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள், இருபதுக்கு ஒன்றுக்கு மேல் தவறுவது. அது ஒரு ஜாதகத்தில் மாட்டாமல் தப்பிக்கும் வாய்ப்பு 0.95-க்கும் குறைவு. 532 ஜாதகத்திலும் தப்பிக்க வேண்டுமானால் 0.95-ஐ 532 தடவை பெருக்க வேண்டும். லட்சம் கோடியில் ஒன்றரை பங்குகூடத் தேறாது. 348 கோடி ஊகங்களில் ஏதோ ஒன்றாவது இப்படித் தப்பிக்கும் வாய்ப்பு எவ்வளவு என்று பெருக்கிப் பார்த்தால் சுமார் 0.005. நாம் கேட்ட 0.01-க்குள் அடங்கிவிட்டது.

சூத்திரமாக எழுதினால்: ஊகங்களின் எண்ணிக்கைக்கு இயல் மடக்கை, அதோடு 100-க்கு இயல் மடக்கை, இரண்டையும் கூட்டி 0.05-ஆல் வகுங்கள். மடக்கை இருப்பதால்தான் பிழைத்தோம்.

பழைய_பஞ்சாங்கம்

குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். புள்ளியியல் பாடம் எடுத்து ஓய்வு பெற்றவன் நான். இந்தக் கணக்கு 1984-இல் பிறந்தது போலப் பேசுவது எனக்கு உறுத்துகிறது. மாஸ்கோவில் வாப்னிக், செர்வோனென்கிஸ் இருவரும் 1971-லேயே இதைவிடப் பொதுவான வடிவில் நிறுவிவிட்டார்கள். ஊகங்கள் எண்ணற்றவையாக இருந்தாலும் அவர்கள் முறை செல்லும். மேற்கே இருப்பவர் எழுதினால்தான் கண்ணுக்குத் தெரியும் போலிருக்கிறது.

நீலாம்பல்

ஐயா சொல்வதில் பாதி உண்மை. மீதிப் பாதியில்தான் வேலியன்ட் இருக்கிறார்.

வாப்னிக்கும் செர்வோனென்கிஸும் கேட்டது, எத்தனை எடுத்துக்காட்டு போதும் என்பது. பொருந்தும் ஊகத்தைத் தேடிக் கண்டுபிடிக்க எவ்வளவு நேரமாகும் என்பது அவர்கள் கவலையில்லை. அவர்களுடைய அளவுகோலையும் வேலியன்ட்டின் வரையறையையும் முறையாக இணைத்தது 1989-இல் ப்ளூமர், எரன்ஃபாய்க்ட், ஹவுஸ்லர், வார்முத் நால்வரும் எழுதிய கட்டுரை. அது வாப்னிக் பெயரை மறைக்கவில்லை, தலைப்பிலேயே தூக்கி வைத்தது.

வேலியன்ட் சேர்த்தது நேரம். அது எவ்வளவு பெரிய விஷயம் என்பதற்கு அதே பெரியப்பா போதும். இப்போது அவர் மனதில் மூன்று வகை மாப்பிள்ளை என்று வையுங்கள்: அரசு வேலையும் சொந்த வீடும் உள்ளவர், அல்லது டாக்டராகவும் உள்ளூராகவும் இருப்பவர், அல்லது வேறேதோ ஒரு சேர்க்கை. தேவையான ஜாதகங்களின் எண்ணிக்கை பெரிதாக அதிகரிக்காது. ஆனால் பார்த்த ஜாதகங்களுக்கெல்லாம் பொருந்துகிற மூன்று வகைகளைத் தேடி எழுது என்றால், கேள்விகள் கூடக்கூட அது என்பி கடினமான வேலையாகிவிடும், அதாவது வேகமாக முடிக்க யாருக்கும் வழி தெரியாத வகை. 1988-இல் லென்னி பிட்டும் வேலியன்ட்டும் சேர்ந்து இதைக் காட்டினார்கள். தகவல் எல்லாம் கையில் இருக்கிறது, கணக்குப் போடத்தான் ஆயுள் போதாது.

இதன் அடுத்த பகுதிதான் எனக்குப் பிடித்தது. மூன்று வகையாகத்தான் எழுதுவேன் என்ற பிடிவாதத்தை விட்டுவிடுங்கள். ஒவ்வொரு வகையிலிருந்தும் ஒரு நிபந்தனையை எடுத்து, 'இந்த மூன்றில் ஒன்றாவது இருக்க வேண்டும்' என்று எழுதுங்கள். அப்படி எழுதக்கூடிய மும்மைகளை 40 நிபந்தனைகளிலிருந்து அமைத்தால் அதிகபட்சம் 64,000 வரும். அத்தனையையும் எழுதிவைத்து, கோட்டுப்புள்ளி சொன்ன அதே அடிக்கும் முறையை ஓட்டினால் முடிந்தது. பெரியப்பா மாறவில்லை, ஜாதகங்கள் மாறவில்லை, நாம் விடையை எழுதும் விதம்தான் மாறியது. ஜாதகம் பல மடங்கு கூடுதலாகத் தேவைப்படும், ஆனால் வேலை முடியும்.

மாடலுக்குத் தேவைக்கு மேல் இடம் கொடுத்தால் கற்பது சுலபமாகிறது என்பதை இன்று எல்லோரும் அனுபவத்தில் பார்க்கிறோம். அதன் சின்ன, சுத்தமான நிரூபணம் 1988-லேயே இருக்கிறது.

பழைய_பஞ்சாங்கம்

இந்த 64,000 சமாச்சாரம் எனக்குத் தெரியாது. நன்றி அம்மா. வாப்னிக்கைப் பற்றிச் சொன்னதை வாபஸ் வாங்கவில்லை, ஆனால் 'மேற்கே' என்று சொன்னதை வாங்கிக்கொள்கிறேன். வேலியன்ட் பிறந்தது எங்கே?

எட்டயபுரத்தான்

புடாபெஸ்ட் ஐயா, 1949. படித்தது இங்கிலாந்தில். கேம்பிரிட்ஜில் கிங்ஸ் கல்லூரி, பிறகு இம்பீரியல் கல்லூரி, 1974-இல் வார்விக்கில் முனைவர் பட்டம். கார்னகி மெலன், லீட்ஸ், எடின்பரோவில் வேலை பார்த்துவிட்டு 1982-இல் ஹார்வர்ட். இதெல்லாம் சுலபமாகக் கிடைத்தது.

எனக்குப் புரியாதது வேறு. முதல் பத்து வருடத்தில் கற்றல் என்ற பேச்சே இல்லை. 1975-இல் இலக்கணப் பகுப்பைப் பற்றி, 1979-இல் பெர்மனன்ட் என்று ஏதோ ஒன்று. திடீரென்று 1984-இல் கற்றல். அப்புறம் 1990-இல் இணைக் கணிப்பு, 1994-இல் மூளை, 2007 வாக்கில் பரிணாமம். ஒரே துறையில் நிற்காமல் ஏன் இப்படி? செமினாரில் இதை எப்படிக் கோர்ப்பது?

கோட்டுப்புள்ளி

துறை மாறினார் என்று பார்த்தால் கோர்க்க முடியாது. கேள்வி மாறவில்லை என்று பார்த்தால் தானாகக் கோர்த்துக்கொள்ளும். 'கட்டுப்படியாகிற செலவில் இதைக் கணக்கிட முடியுமா?' இதைத்தான் ஐம்பது வருடமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறார்.

பெர்மனன்ட்டையே எடுங்கள். பள்ளியில் அணிக்கோவை படித்திருப்பீர்கள். அதை விரிக்கும்போது வரும் கழித்தல் குறிகளையெல்லாம் கூட்டலாக்கிவிட்டால் பெர்மனன்ட். பார்க்க இன்னும் எளிதாகிவிட்டது போலத் தோன்றும். ஆனால் அணிக்கோவையைக் காஸ் நீக்கல் முறையில் சுலபமாகக் கண்டுபிடிக்கலாம், பெர்மனன்ட்டுக்கு அப்படி வழி தெரியவில்லை. அது ஏன் கடினம் என்பதைச் சொல்ல 1979-இல் ஒரு புதிய வகுப்பையே உண்டாக்கினார்: எண்ணும் கணக்குகளின் வகுப்பு.

திரும்பவும் கல்யாணம்தான். 50 மாப்பிள்ளை, 50 பெண், யாருக்கு யார் சம்மதம் என்ற பட்டியல் இருக்கிறது. எல்லோருக்கும் ஜோடி சேருமா என்பதைச் சீக்கிரம் சொல்லிவிடலாம். மொத்தம் எத்தனை விதமாகச் சேர்க்கலாம் என்று கேட்டால்? அந்த எண்ணிக்கைதான் பெர்மனன்ட். 'உண்டா' என்பது சுலபமாக இருந்தும் 'எத்தனை' என்பது பயங்கரமாக இருக்கலாம் என்று முதலில் காட்டியவர் அவர். விஜய் வசிரானியோடு சேர்ந்து 1986-இல் எழுதிய கட்டுரையும் இந்தப் பக்கத்துதான்: விடை ஒன்றே ஒன்றுதான் இருக்கும் என்று முன்கூட்டியே சொல்லிவிட்டாலும் தேடுவது சுலபமாகாது.

இப்படி யோசிக்கிறவர் குழந்தை கற்பதைப் பார்த்தால் என்ன கேட்பார்? இத்தனை கொஞ்ச எடுத்துக்காட்டில், இத்தனை கொஞ்ச நேரத்தில் எப்படி என்றுதான் கேட்பார். பரிணாமத்தைப் பார்த்தாலும் அதேதான். உயிரினங்கள் இவ்வளவு சிக்கலாக வளர பூமியின் வயது போதுமா, எந்த மாதிரி செயல்பாடுகள் அந்த அவகாசத்தில் உருவாக முடியும்? டார்வின் சொன்னதைக் கற்றலின் ஒரு குறுகிய வடிவமாக எடுத்துக்கொண்டு எழுதினார். பிறகு அவருடைய மாணவர் விட்டலி ஃபெல்ட்மன் அது எந்த வகைக் கற்றலுக்குச் சமம் என்று நிறுவினார். எனக்கு அந்தப் பரிணாமக் கட்டுரை முழுத் திருப்தி தரவில்லை. உயிரியல்காரர்கள் பெரிதாகக் கண்டுகொண்டதாகவும் தெரியவில்லை. ஆனால் கேள்வியைக் குறை சொல்ல முடியாது.

(தொடர்பில்லாத ஒன்று: 2006-இல் ஒரு குறிப்பிட்ட எண்ணும் கணக்கில், விடையை 7-ஆல் வகுத்த மீதியைச் சுலபமாகக் கண்டுபிடிக்கலாம், 2-ஆல் வகுத்த மீதி கடினம் என்று காட்டினார். ஏன் 7? இதை நினைத்து எனக்கு ஒரு ராத்திரி தூக்கம் போனது.)

டெப்ளாய்மென்ட்_தம்பி

எல்லாம் அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் என் கேள்வி அப்படியே நிற்கிறது. இதில் எது ஓடுகிறது? நாளைக்கு ஆபீசில் எதைப் பயன்படுத்துவேன்?

நீலாம்பல்

கடன் திரும்ப வருமா என்று கணிக்க எதைப் பயன்படுத்துகிறீர்கள்?

டெப்ளாய்மென்ட்_தம்பி

எக்ஸ்ஜிபூஸ்ட். அட்டவணை டேட்டாவுக்கு வேறு எது?

நீலாம்பல்

அப்படியானால் கதையைக் கேளுங்கள்.

வேலியன்ட்டின் மாணவர் மைக்கேல் கெர்ன்ஸ். இருவரும் சேர்ந்து, எதையெல்லாம் கற்கவே முடியாது என்று தேடினார்கள். அவர்கள் கண்ட பதில் (கட்டுரையாக வந்தது 1989-இல்): ரகசியக் குறியீடு. பொதுச்சாவி இருந்தால் யார் வேண்டுமானாலும் செய்தியைப் பூட்டலாம். அதாவது 'பூட்டிய வடிவம், திறந்த வடிவம்' என்ற எடுத்துக்காட்டு ஜோடிகளை நீங்களே எத்தனை வேண்டுமானாலும் செய்துகொள்ளலாம். அவற்றிலிருந்து திறக்கும் விதியைக் கற்க முடியுமானால், ஆர்எஸ்ஏ என்ற பிரபலமான பொதுச்சாவிக் குறியீடு உடைந்துவிடும். ஆக, ஆர்எஸ்ஏ பாதுகாப்பானது என்றால், அந்த விதிகளை அடக்கும் அளவுக்கு வளமான எந்த வகையையும் கற்க முடியாது. சில அடுக்கே உள்ள நியூரல் நெட்வொர்க் போன்ற சுற்றுகளும் அதில் அடங்கும்.

இங்கே ஒரு நுணுக்கம். நன்றாகக் கற்பது மட்டுமில்லை, காசு சுண்டிப் பார்ப்பதைவிடத் துளி மேலாகக் கற்பதும்கூட முடியாது என்று காட்டினார்கள். உடனே ஒரு கேள்வி எழுந்தது: துளி மேலாகக் கற்க முடிந்தால், அதையே வைத்து நன்றாகக் கற்கவும் முடியுமா? 1988 டிசம்பரில் கெர்ன்ஸ் இதை ஒரு வகுப்புக்கான புராஜெக்டாக எழுதி வைத்தார். எங்கும் அச்சாகவில்லை.

எம்ஐடி மாணவர் ராபர்ட் ஷபைர் முடியும் என்று நிறுவினார், கட்டுரை வந்தது 1990. சுமாரான ஊகம் ஒன்றை எடு, அது தடுமாறும் இடங்களைப் பெரிதாக்கி அடுத்ததைப் பழக்கு, கடைசியில் எல்லோரையும் ஓட்டுப் போட வை. இதற்குத்தான் பூஸ்டிங் என்று பெயர். யோவ் ஃப்ராய்ண்ட் வந்து சேர, 1995-இல் அடாபூஸ்ட். 2001-இல் வயோலாவும் ஜோன்ஸும் அதை வைத்துத்தான் படத்தில் முகம் எங்கே இருக்கிறது என்று உடனுக்குடன் கண்டுபிடித்தார்கள். அதே 2001-இல் ஃப்ரீட்மன் அதைச் சரிவு வழியாக விளக்கி எழுதியது கிரேடியன்ட் பூஸ்டிங். நீங்கள் கடனுக்குப் போடுவது அதன் பேரப்பிள்ளை.

மாடல் செய்யாத ஒருவரின் வரையறையில் மாணவர் ஒருவர் ஒரு சந்தேகத்தைக் கேட்டார். அதற்கு வந்த பதில் உங்கள் ஆபீசில் ஓடுகிறது.

டெப்ளாய்மென்ட்_தம்பி

சரி, இது தெரியாது. 'பூஸ்ட்' என்றால் ஏதோ வேகம் என்று நினைத்திருந்தேன். அவமானம்தான்.

ஆனால் ஒன்று. இன்றைக்குப் பெரிய நெட்வொர்க்குகளில் உங்கள் சூத்திரம் உடைந்துவிட்டதே? 2017-இல் ஒரு பிரபலமான கட்டுரை, சியுவான் ஜாங்கும் மற்றவர்களும் எழுதியது. 50,000 படங்களுக்கு விடைகளைக் கன்னாபின்னாவென்று குலுக்கிப் போட்டுக் கொடுத்தார்கள். நெட்வொர்க் அதையும் தவறே இல்லாமல் மனப்பாடம் செய்தது. அதாவது அது எதையும் மனப்பாடம் செய்யக்கூடியது. கோட்டுப்புள்ளியின் கணக்குப்படி அதற்குக் கோடானுகோடி எடுத்துக்காட்டு வேண்டும். ஆனால் சரியான விடை கொடுத்தால் அதே நெட்வொர்க் புதுப் படங்களிலும் நன்றாக வேலை செய்கிறது.

கோட்டுப்புள்ளி

உண்மை. ஒப்புக்கொள்கிறேன். சூத்திரம் பொய்யாகவில்லை, அங்கே அது ஒன்றும் சொல்வதில்லை. 'தவறு 100 சதவீதத்துக்குள் இருக்கும்' என்று சொல்லும் உத்தரவாதத்தால் யாருக்கு என்ன பயன்?

காரணம், அது எந்தப் பெரியப்பாவுக்கும், எந்த வகை ஜாதக வரத்துக்கும் செல்லுபடியாக வேண்டும் என்று கேட்பது. நிஜப் படங்கள் அப்படிக் குதர்க்கமானவை அல்ல. ரகசியக் குறியீட்டை யாரும் பூனைப் படத்தில் ஒளித்துவைத்து நெட்வொர்க்குக்குத் தருவதில்லை. அதனால் கெர்ன்ஸ்-வேலியன்ட் தடையும் நடைமுறையில் குறுக்கே நிற்பதில்லை. எந்தக் குணத்தால் நிஜ டேட்டா சாதுவாக இருக்கிறது என்பதற்கு இன்னும் முழு விடை இல்லை. அதே 2017-இல் ஜுகைட்டேயும் ராயும் வேறு வகைக் கணக்கால், சின்ன நெட்வொர்க்குகளுக்காவது அர்த்தமுள்ள உத்தரவாதம் கொடுத்தார்கள். அந்தக் கணக்கின் பெயரிலும் 'பேக்' ஒட்டிக்கொண்டிருக்கிறது.

இன்னொன்று, முதலில் கடன் வைத்த பதில். ஒதுக்கிவைத்த டேட்டாவில் சோதிப்பதை ஏன் நம்பலாம்? அங்கே ஊகம் ஒன்றே ஒன்றுதான், 348 கோடி இல்லை. சோதனை ஜாதகமும் நாளை வரும் ஜாதகமும் ஒரே தரகரிடமிருந்து வந்தால், சில நூறு போதும். வேலியன்ட்டின் வரையறையில் உயிர்நாடி அதுதான்: கற்றபோதும் சோதிக்கும்போதும் ஒரே பரவல். தரகர் மாறினால் உத்தரவாதம் ரத்து.

டெப்ளாய்மென்ட்_தம்பி

தரகர் மாறியதை நான் நேரில் பார்த்திருக்கிறேன். பழைய இடத்தில் நகர வாடிக்கையாளர்களை வைத்துப் பழக்கிய மாடலை அப்படியே கிராமத்துக் கிளைகளுக்கு அனுப்பினார்கள். சோதனையில் 90-க்கு மேல். போன இடத்தில் மூன்று வாரத்தில் நிறுத்த வேண்டியதாயிற்று. அப்போது 'மாடல் சரியில்லை' என்று என்னைத்தான் திட்டினார்கள்.

பழைய_பஞ்சாங்கம்

தம்பி, மாதிரி எடுத்த இடம் வேறு, பயன்படுத்தும் இடம் வேறு என்று நாங்கள் முதல் வருடத்திலேயே சொல்லித் தருவோம். யார் கேட்டார்கள்.

நீலாம்பல்

இன்னொரு துணுக்கு, தம்பியின் 'எது ஓடுகிறது' கேள்விக்கு. 1990-இல் இணைக் கணிப்புக்கு அவர் சொன்ன மாதிரி: எல்லாக் கணினியும் தன் பங்கைச் செய், செய்திகளை அனுப்பு, எல்லோரும் முடிக்கும்வரை நில், பிறகு அடுத்த சுற்று. பெரிய வலைப்பின்னல்களை அலச கூகுள் உருவாக்கி, 2010-இல் கட்டுரையாக விவரித்த ப்ரெகல் என்ற அமைப்பு இந்த வடிவத்தைத்தான் எடுத்துக்கொண்டது. அப்படி ஒரு சுற்றைக் குறிக்கும் சூப்பர்ஸ்டெப் என்ற சொல்லும் அங்கிருந்து வந்ததுதான்.

டெப்ளாய்மென்ட்_தம்பி

சரி அக்கா, சரணாகதி. சூப்பர்ஸ்டெப் என்ற சொல்லோடு தினமும் மல்லுக்கட்டுகிறேன். யார் பெற்ற பிள்ளை என்று இன்றுதான் தெரிந்தது.

எட்டயபுரத்தான்

செமினார் முடிந்தது. எல்லோருக்கும் நன்றி. பெரியப்பாவை வைத்தே முக்கால்வாசி ஓட்டினேன். பெர்மனன்ட்டுக்குக் கல்யாண மண்டபப் படம் ஒன்று வரைந்தேன், நன்றாக எடுபட்டது. பரிணாமத்தை ஒரு வரியில் கடந்துவிட்டேன், கோட்டுப்புள்ளி அண்ணா மன்னிக்கவும். வேலியன்ட்டின் மகன்கள் கிரெகரி, பால் இருவரும் இதே தியரிப் பக்கம்தான் என்று சொன்னபோது மட்டும் கடைசி பெஞ்ச் நிமிர்ந்து உட்கார்ந்தது.

கேள்வி நேரத்தில் எங்கள் மேடம் கேட்டார்: "20 கேள்விக்கு 532 என்றால், 30 கேள்விக்கு எத்தனை ஜாதகம்?" வரன் வகைகள் 107 கோடியைத் தாண்டிவிடும், ஜாதகமும் எக்கச்சக்கமாகும் என்று வாய்வரைக்கும் வந்துவிட்டது. பயந்து, போர்டிலேயே போட்டுப் பார்த்தேன். 752 வந்தது. 220 மட்டும்தான் கூடியிருக்கிறது. நம்ப முடியாமல் இரண்டு தடவை போட்டேன். சரிதானா?

கோட்டுப்புள்ளி

மூன்றின் முப்பதாம் அடுக்குக்கு இயல் மடக்கை 32.96. 4.61-ஐக் கூட்டி, 0.05-ஆல் வகுத்தால் 751-க்குக் கொஞ்சம் மேலே. 752 சரி.